பீர் எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீர் என்றதும் பேச்சு பிராண்டுக்கும் போதைக்கும் போய்விடும். அது எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால் "பார்லியை ஊறவைத்துப் புளிக்கவைப்பார்கள்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அந்த வரி தப்பில்லை, ஆனால் சுவையான விஷயமெல்லாம் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. விளம்பரங்கள் சொல்லும் "ரகசியச் செய்முறை"யில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எந்தக் கட்டத்தில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதுதான் பீரில் முக்கால்வாசி. அதனால் கீழே டிகிரிக் கணக்கு அடிக்கடி வரும். எல்லாம் செல்சியஸ்.

பீரில் என்னென்ன சேர்கிறது?

தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் பூ, புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட். அடிப்படை இந்த நான்குதான். இதில் தண்ணீர் மட்டும் 90 சதவீதத்துக்கும் மேல். சில வகைகளில் கோதுமை, ஓட்ஸ், அரிசி, மக்காச்சோளம், பழம், மசாலாப் பொருள்கள் எல்லாம் சேர்வதுண்டு.

1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி ஓர் உயிரி வேலை செய்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

பார்லியை ஏன் முளைகட்ட வேண்டும்? அப்படியே போட்டால் ஆகாதா?

ஆகாது. பார்லி மணிக்குள் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் மணியிலேயே உருவாகும். ஆனால் முளைவிடத் தொடங்கினால்தான் அவை முழு அளவில் சேரும். இளஞ்செடிக்கு உணவு தேவை என்பதற்காக விதை செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மனிதர்கள் அதை நடுவழியில் பிடுங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் பார்லியைச் சுமார் இரண்டு நாள் ஊறவைப்பார்கள். தொடர்ந்து நீரிலேயே கிடந்தால் மணி மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பதால் இடையிடையே நீரை வடித்துக் காற்றுப்பட விடுவார்கள். மணியின் ஈரப்பதம் 45 சதவீதத்தை நெருங்கியதும், 15 டிகிரியை ஒட்டிய குளுமையில் நான்கைந்து நாள் முளைக்கவிடுவார்கள். வேர்கள் பின்னிக் கட்டியாகிவிடாமல் அவ்வப்போது கிளறிக் கொடுக்க வேண்டும். முளை மணியின் நீளத்தில் முக்கால் பங்கு வளர்ந்ததும் நிறுத்தியாக வேண்டும். மேலும் விட்டால் நமக்குத் தேவையான மாவுச்சத்தைச் செடியே சாப்பிட்டுவிடும்.

நிறுத்துவது சூடான காற்றால். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈரமான மணியை எடுத்த எடுப்பிலேயே 80 டிகிரியில் காட்டினால் நொதிகள் வெந்துபோகும். ஆகவே முதலில் மிதமான சூட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, மணி காய்ந்த பிறகுதான் 80, 85 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். காய்ந்த நிலையில் நொதி தாக்குப்பிடிக்கும். பிறகு வேர்களை உதிர்த்துச் சலித்தால் கிடைப்பது மால்ட். பெரும்பாலான பீர் ஆலைகள் இந்த வேலையைத் தாங்களே செய்வதில்லை. மால்ட் ஆலைகளிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன.

கறுப்பு பீர் எப்படிக் கறுப்பாகிறது? அதில் போதை அதிகமா?

நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து வருகிறது. மால்ட்டை 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் காப்பி, சாக்லேட், கருகல் வாசனைகள் எல்லாம் வந்துவிடும். 1817இல் டேனியல் வீலர் என்பவர் உருளை வடிவ வறுப்பானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்த மால்ட் ஒரே சீராகக் கிடைக்கத் தொடங்கியது. இவ்வளவு சூட்டில் வறுத்ததில் நொதி எதுவும் மிஞ்சாது. அதனால் கறுப்பு பீரிலும் பெரும்பங்கு வெளிர் மால்ட்டாகவே இருக்கும். வறுத்தது பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே நிறம் கறுத்துவிடும்.

போதைக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. உலகத்திலேயே அதிகம் பெயர்பெற்ற கறுப்பு பீரான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். வெளிர் மஞ்சளாக இருக்கும் பல பெல்ஜிய பீர்களில் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

மால்ட்டிலிருந்து சர்க்கரையை எப்படி எடுக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் பீரின் குணத்தைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். இந்தக் கட்டத்துக்கு மாஷிங் என்று பெயர்.

மால்ட்டை முதலில் உடைப்பார்கள். மாவாக அரைப்பதில்லை. உள்ளிருப்பது நொறுங்க வேண்டும், உமி முழுசாக நிற்க வேண்டும். பிறகு வடிகட்டும்போது அந்த உமிதான் வடிகட்டியாக இருக்கப்போகிறது. உடைத்த மால்ட்டில் கிலோவுக்குச் சுமார் மூன்று லிட்டர் வெந்நீர் கலந்து, 62 முதல் 70 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைப்பார்கள். உள்ளே இரண்டு நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் ஓரத்திலிருந்து மால்டோஸ் என்னும் சர்க்கரையை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கும். அதற்கு 60 முதல் 65 டிகிரி ஒத்துவரும். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும். அது 70 டிகிரியைத் தொட்டும் சுறுசுறுப்பாக இருக்கும்.

அப்புறம் என்ன, வெப்பநிலையைக் கொண்டே பீரின் உடம்பை அமைத்துவிடலாம். 63 டிகிரியில் வைத்தால் மால்டோஸ் நிறையக் கிடைக்கும். ஈஸ்ட் அதையெல்லாம் தின்றுவிடும், பீர் மெலிதாக, இனிப்பில்லாமல் முடியும். 69 டிகிரியில் வைத்தால் பீட்டா சீக்கிரமே செயலிழந்துவிடும். ஈஸ்ட்டால் தின்ன முடியாத, டெக்ஸ்ட்ரின் என்னும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் மிஞ்சி, பீர் நாக்கில் கனமாக நிற்கும். அதே மால்ட், அதே தண்ணீர்தான். ஆறு டிகிரி வித்தியாசத்தில் இரண்டு வேறு பீர்கள்.

மாவுச்சத்து முழுதும் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு துளியை எடுத்து அயோடின் விடுவார்கள். கருநீலமானால் மாவுச்சத்து பாக்கி இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் வேலை முடிந்தது. சூட்டை 76, 78 டிகிரிக்கு ஏற்றி நொதிகளை நிறுத்திவிட்டு, உமிப்படுகை வழியாகச் சாற்றை வடிப்பார்கள். மிஞ்சிய சர்க்கரைக்காக மேலே வெந்நீர் தெளித்துக் கழுவுவதும் உண்டு. அந்த நீர் 78 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். இப்படிக் கிடைக்கும் பிசுபிசுப்பான இனிப்புச் சாற்றை வோர்ட் என்பார்கள். அதில் இதுவரை ஒரு துளி ஆல்கஹால்கூடக் கிடையாது.

அரிசியும் மக்காச்சோளமும் சேர்ப்பது கலப்படம்தானே?

இல்லை. இவற்றில் மாவுச்சத்து நிறைய, புரதமும் சொந்தச் சுவையும் குறைவு. சேர்த்தால் பீர் வெளிராகவும் இலேசாகவும் வரும். இவற்றுக்குத் தம் மாவுச்சத்தை உடைக்கும் அளவுக்கு நொதி இல்லாததால் தனியே வேகவைத்து மால்ட்டோடு கலப்பார்கள். மால்ட்டின் நொதியே இரண்டுக்கும் போதும். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பீர் சப்பென்று ஆவதும் உண்டு. அது ருசி பற்றிய குறை. நேர்மை பற்றிய குறையாக அதைப் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் அவ்வளவு முக்கியமா?

முக்கியம், ஆனால் "எங்கள் ஊற்றுநீரின் மகிமை" என்னும் அளவுக்கு இன்று இல்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைத் துல்லியமாக எடுத்துக்காட்டியதால் அந்த ஊர் வெளிர் ஏல் பீருக்குப் பேர்போனது (ஏல், லாகர் என்பவை பீரின் இரண்டு பெரிய வகைகள், வித்தியாசம் பின்னால் வரும்). செக் நாட்டின் பில்சன் நீரில் உப்புகள் மிகக் குறைவு. 1842இல் அங்கே யோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இன்று உலகம் முழுக்க விற்கும் பீர்களுக்கு மூதாதை. இப்போதெல்லாம் எந்த நீரையும் சுத்திகரித்து, வேண்டிய உப்புகளைச் சேர்த்து, வேண்டிய ஊர் நீராக மாற்றிக்கொள்ள முடிகிறது.

ஹாப்ஸ் என்றால் என்ன? அதை ஏன் கொதிக்கவைக்க வேண்டும்?

ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண் பூக்கள். கஞ்சாச் செடியின் தாவரக் குடும்பம்தான், ஆனால் அதன் போதை இதில் இல்லை. பூ இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி போல ஒரு பிசின் இருக்கும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீரில் எளிதில் கரையாது. நன்றாகக் கொதிக்கும்போது அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, கரையும் கசப்பாகின்றன. அதனால் கசப்புக்கான ஹாப்ஸை வோர்ட் கொதிக்கத் தொடங்கியதுமே போட்டு ஒரு மணி நேரம் விடுவார்கள்.

வாசனைக்கான எண்ணெய்கள் நேர் எதிர். கொதித்தால் ஆவியோடு போய்விடும். எனவே அந்த ஹாப்ஸைக் கடைசிச் சில நிமிடங்களில் போடுவார்கள், அல்லது நொதித்தல் (ஈஸ்ட் புளிக்கவைக்கும் கட்டம்) முடியும் தறுவாயில் குளிர்ந்த பீரிலேயே ஊறவிடுவார்கள். எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம் என்றெல்லாம் மணக்கும் பீர்களில் பெரும்பாலும் பழமே இருக்காது. எல்லாம் இந்தப் பூவின் வேலை.

கசப்பைத் தவிர இன்னொரு பயனும் உண்டு. பீரைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களை ஹாப்ஸ் தடுக்கிறது. கொதிக்கவைப்பதால் வோர்ட்டிலுள்ள கிருமிகள் சாகும், புரதம் திரிந்து அடியில் படியும், வேகவைத்த சோளம் போன்ற வாடை தரும் ஒரு கந்தகச் சேர்மம் ஆவியில் வெளியேறும். அதனால்தான் மூடிபோட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது என்பார்கள்.

கொதித்த வோர்ட்டை ஏன் சட்டென்று குளிரவைக்கிறார்கள்?

ஈஸ்ட் சூட்டில் செத்துவிடும், அது ஒன்று. வெதுவெதுப்பான இனிப்புச் சாறு கண்ட கிருமிக்கும் விருந்து, அது இன்னொன்று. தட்டுகள் அடுக்கிய வெப்பமாற்றியில் ஒரு பக்கம் வோர்ட்டும் மறுபக்கம் குளிர்நீரும் ஓடும். சூடாகி வெளிவரும் நீரை அடுத்த மாஷுக்கு வைத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டத்திலிருந்து குழாய், தொட்டி, கை எல்லாவற்றிலும் சுத்தம் பார்க்க வேண்டும். பீர் ஆலையில் வேலை செய்பவர்களைக் கேட்டால், நாளில் பாதி கழுவுவதிலேயே போகிறது என்பார்கள்.

ஈஸ்ட் என்ன செய்கிறது?

சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. கேட்க எளிது. ஆனால் அந்த வேலையின் ஊடே நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகிறது, பீரின் மணத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ஜெர்மானியக் கோதுமை பீரில் வீசும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் தருபவை.

முதலில் குளிர்ந்த வோர்ட்டுக்குள் காற்றோ ஆக்சிஜனோ செலுத்துவார்கள். ஈஸ்ட் பெருகுவதற்கு அது தேவை. மால்ட் ஆன பிறகு ஆக்சிஜனை வரவேற்கும் நேரம் அது ஒன்றுதான். நொதித்தல் முடிந்த பிறகு நுழையும் ஆக்சிஜன் பீரை ஈர அட்டை போல மணக்கவைத்துவிடும். ஒரு நாளுக்குள் மேலே தடித்த நுரை கட்டும், தொட்டி தானாகவே சூடாகும். அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் காரமான ஆல்கஹால் நெடி வரும். மறுநாள் தலைவலிக்கும் அதுவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகவே தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் உறை இருக்கும்.

புளிப்பது உயிரினங்களால்தான் என்பதை நிறுவிய லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதுவரை ஒரு முறை நன்றாக வந்த பீர் அடுத்த முறை ஏன் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பீர் வரலாற்றில் நான் பெரிதாக நினைப்பது அந்தக் கண்டுபிடிப்பைத்தான். அதே ஆய்வகத்தில்தான் 1909இல் சோரன்சன் என்பவர் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலை உருவாக்கினார்.

லாகருக்கும் ஏலுக்கும் என்ன வித்தியாசம்?

ஈஸ்ட்டும் வெப்பநிலையும். ஏல் ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரியில் வேகமாக வேலை செய்து, பழ வாசனைகளைத் தாராளமாகத் தரும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் நிதானமாகப் புளிக்கவைக்கும், சுவை சுத்தமாக இருக்கும். பிறகு பூச்சியத்தை ஒட்டிய குளிரில் பல வாரம் கிடந்து தெளியும்.

லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். பெற்றோரில் ஒன்று ஏல் ஈஸ்ட். மற்றொன்று எது என்று நெடுங்காலம் தெரியாமலிருந்து, 2011இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் கிடைத்த ஒரு காட்டு ஈஸ்ட் அதற்குப் பொருந்தியது. பின்னர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அதே இனம் கிடைத்திருக்கிறது.

பீரில் சில சமயம் வெண்ணெய் வாசனை வருவது ஏன்?

டையசெட்டில். நொதித்தலின்போது உருவாகி, கடைசியில் ஈஸ்ட்டாலேயே உறிஞ்சப்படும் பொருள். அவசரப்பட்டுக் குளிரவைத்து ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால் அது பீரிலேயே தங்கிவிடும். லாகர் செய்பவர்கள் நொதித்தல் முடியும் தறுவாயில் சூட்டைச் சில டிகிரி ஏற்றி இரண்டொரு நாள் விடுவது இதற்காகத்தான்.

ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தி கூடியது. ஈஸ்ட் தின்னத் தின்ன அடர்த்தி இறங்கும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு நொதித்தலுக்கு முன்னும் பின்னும் அளந்து, வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும். வெறும் நீரை 1 என்று கொண்டு, தொடக்கம் 1.050, முடிவு 1.010 என்றால் வித்தியாசம் 0.040. பெருக்கினால் 5.25 சதவீதம். பெரிய ஆலைகளில் இதைவிடத் துல்லியமான கருவிகள் உண்டு.

பீர் என்றால் ஆல்கஹால் குறைவு, பரவாயில்லை என்கிறார்களே?

சதவீதம் குறைவு, குடிக்கும் அளவு அதிகம். 5 சதவீத பீர் 500 மில்லியில் 25 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீத விஸ்கி 60 மில்லியில் 24 மில்லி. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அப்படியானால் விஸ்கிக்கும் பீருக்கும் தயாரிப்பில் என்ன வேறுபாடு?

மால்ட் விஸ்கியும் மாஷிங், நொதித்தல் வரை பீரின் உறவுதான். ஹாப்ஸ் சேர்ப்பதில்லை, பொதுவாக வோர்ட்டைக் கொதிக்கவைப்பதும் இல்லை. நொதித்ததைக் காய்ச்சி வடித்து ஆல்கஹாலைத் திரட்டி, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைப்பார்கள். பீர் வடிக்கப்படுவதில்லை. அதில் கொதிப்பது ஆல்கஹால் உண்டாவதற்கு முந்தைய வோர்ட் மட்டுமே.

நுரையும் காஸும் எங்கிருந்து வருகின்றன?

காஸ் ஈஸ்ட் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடுதான். தொட்டியை மூடி அதையே பீரில் கரையவிடலாம், வெளியிலிருந்து அழுத்தியும் ஏற்றலாம். பாட்டிலில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை போட்டு மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் உள்ளேயே காஸ் உண்டாக்கும். அப்படிச் செய்த பாட்டிலின் அடியில் மெல்லிய படிவு இருக்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

நுரை நிற்பதற்குக் காரணம் மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து குமிழியைச் சுற்றிக் கட்டும் சவ்வு. கண்ணாடிக் குவளையில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் அது உடைந்துவிடும். ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் சிலவற்றில் பாலாடை போல் நுரை வருவதற்கு நைட்ரஜன் காரணம். அது நீரில் அதிகம் கரையாததால் குமிழிகள் மிகச் சிறியவை.

பீர் பாட்டில்கள் ஏன் பழுப்பு நிறம்?

வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உருவாகும். நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சை அவ்வளவாகத் தடுக்காது, நிறமற்றது சுத்தமாகத் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே போகாது. கேன் பீர் மட்டம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, இந்த விஷயத்தில் கேன்தான் உசத்தி.

டிராஃப்ட் பீர், பாட்டில் பீர் இரண்டும் வேறா?

டிராஃப்ட் என்பது பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றுவது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே பீர். கடைகளுக்குப் போகும் பாட்டிலை 60 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்து, மிச்சமுள்ள நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்வார்கள். குளிரிலேயே வைத்துச் சீக்கிரம் தீரும் பீப்பாய் பீருக்குப் பல இடங்களில் அது செய்யப்படுவதில்லை, ஆகவே சுவை புதிதாகத் தெரியும். ஆனால் ஊற்றும் குழாயை ஒழுங்காகக் கழுவாத கடையில் அந்தப் புதுமை போய்ப் புளிப்பு வந்துவிடும்.

பீர் சைவமா?

நான்கு அடிப்படைப் பொருள்களிலும் விலங்குப் பொருள் இல்லை. பீரைத் தெளியவைக்கச் சில ஆலைகள் ஐசிங்கிளாஸ் என்னும் பொருளைச் சேர்க்கும். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும் என்றாலும் கண்டிப்பாக இருப்பவர்கள் விசாரித்துக்கொள்வது நல்லது. பால் சர்க்கரை சேர்த்த ஸ்டவுட்டும் உண்டு.

ஆல்கஹால் இல்லாத பீரை எப்படிச் செய்கிறார்கள்?

இரண்டு வழி. முழு பீரைச் செய்துவிட்டு ஆல்கஹாலை அகற்றுவது ஒன்று: வெற்றிடத்தில் வைத்தால் குறைந்த சூட்டிலேயே ஆல்கஹால் ஆவியாகும், அல்லது நுண்சவ்வு வழியாகப் பிரிக்கலாம். மால்டோஸைத் தின்னாத ஈஸ்ட்டைப் போட்டோ, நொதித்தலைச் சீக்கிரம் நிறுத்தியோ ஆல்கஹாலே அதிகம் உண்டாகாமல் பார்ப்பது இன்னொன்று. முதல் வழியில் வாசனை கொஞ்சம் போகும், இரண்டாவதில் வோர்ட்டின் இனிப்பு தங்கும். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் இந்தப் பெயரில் விற்கலாம் என்பதால், அறவே கூடாது என்பவர்கள் 0.0 என்று அச்சிட்டதைத் தேடுங்கள்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

மால்ட் செய்ய ஒரு வாரம். மாஷிங் முதல் குளிரவைப்பது வரை ஒரே நாள். அதன் பிறகு ஏலுக்கு இரண்டு மூன்று வாரம், லாகருக்கு நாலு முதல் எட்டு வாரம். கெட்டியான ஸ்டவுட், பெல்ஜியத்தின் புளிப்பு லாம்பிக் போன்றவை மாதங்கள், சில சமயம் வருடங்களும் எடுக்கும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு, சில நாடுகளில் குற்றம். அனுமதி உள்ள இடங்களில் 20 லிட்டருக்கு நாலைந்து கிலோ மால்ட் ஆகும். கண் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு; அந்த மெத்தனால் ஆபத்து கள்ளத்தனமாகக் காய்ச்சி வடிப்பதிலும் கலப்படத்திலும் வருவது, மால்ட்டை நொதிக்கவைக்கும் பீரில் இல்லை. உண்மையான ஆபத்து வேறு இரண்டு. நொதித்தல் முடியாமல் பாட்டிலில் அடைத்தால் காஸ் அழுத்தத்தில் பாட்டில் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும். இன்னொன்று, நிறைய அளவில் நொதிக்கும்போது மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

மாஷ் முடிந்து மிஞ்சும் சக்கையை என்ன செய்வது?

ஆலைகளிலிருந்து அது பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. சர்க்கரை போனாலும் புரதமும் நாரும் அப்படியே இருக்கும். ஈரம் அதிகம் என்பதால் ஓரிரு நாளில் புளித்துவிடும், உடனே அனுப்பிவிட வேண்டும். உலர்த்தி அரைத்து ரொட்டி மாவில் கலப்பவர்களும் உண்டு. ஹாப்ஸ் சக்கையை மட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். அது நாய்களுக்கு விஷம்.